போர்மேன் அண்ணாச்சியின் கம்ப்யூட்டர் ஷெட்

கம்ப்யூட்டர் வெடிக்கும் என்று மனதார நம்பிய ஒரே ஆள், சிவகாசி வட்டாரத்திலேயே எங்கள் போர்மேன் அண்ணாச்சிதான். நம்பியதோடு விட்டாரா? வெடித்தால் யார் எந்த வழியாக ஓட வேண்டும் என்று திட்டமும் வைத்திருந்தார். அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். நாங்கள் யாரும் கேட்டதில்லை.

நான் அப்போது ஒரு காலண்டர் அச்சகத்தில் டிசைன் போட்டுக்கொண்டிருந்தேன். அதே முதலாளிக்குப் பட்டாசு ஆலையும் உண்டு. அங்கே காலமெல்லாம் போர்மேனாக இருந்தவருக்கு மூச்சிரைப்பு வந்து, பட்டாசு மருந்து வாடையே ஆகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். முதலாளி அவரைக் கொண்டுவந்து எங்கள் கம்ப்யூட்டர் ரூமுக்கு சூப்பர்வைசராகப் போட்டுவிட்டார். மவுஸின் வால் எந்தப் பக்கம் என்று தெரியாதவர் எங்களுக்கு அதிகாரி.

வந்த முதல் நாளே வாசலில் நின்று தலையை எண்ணினார்.

“உள்ள எத்தன பேரு?”

“ஆறு பேரு அண்ணாச்சி.”

“ஒரு ஷெட்டுக்கு நாலு பேருக்கு மேல ஆகாது. ரெண்டு பேரு வெளிய வாங்க.”

இது பட்டாசு ஷெட் இல்லை, ஏசி ரூம் என்று கூட வேலை பார்த்த முருகேசன் எவ்வளவோ சொல்லிப் பார்த்தான். சொன்ன பாவத்துக்கு அவன் மேசைதான் முதலில் வராண்டாவுக்குப் போனது. காலண்டர் சீசன் முழுக்க ஒரு கையில் மவுஸும் ஒரு கையில் விசிறியுமாக உட்கார்ந்திருந்தான்.

அடுத்த வாரம் கதவைக் கழற்றி, வெளிப்பக்கம் திறக்கிற மாதிரி மாட்டினார்கள். வாசலில் நாலு மணல் வாளி வந்தது. நிலையில் ஒரு செம்புத் தகடு வந்தது. பட்டாசு ஆலையில் உடம்பில் இருக்கும் மின்சாரம் இறங்குவதற்காக அதைத் தொட்டுவிட்டுத்தான் உள்ளே போவார்கள். நாங்களும் தொட்டோம். பாலியஸ்டர் புடவை கட்டி வந்த ஒருத்தியை வீட்டுக்கு அனுப்பி, நூல் சேலையில் வரச் சொன்னார். ஆயுத பூஜை அன்று சூடத்தைத் தெரு முனையில் கொளுத்தி, அங்கிருந்தே கம்ப்யூட்டர்களுக்குக் காட்டினார். சரஸ்வதி கண்ணைச் சுருக்கித்தான் பார்த்திருப்பாள்.

எல்லாவற்றையும் பொறுத்துக்கொள்ளலாம். சாயங்கால நேரத்துத் தொல்லையைத்தான் பொறுக்க முடியவில்லை.

“செஞ்ச சரக்கு ஷெட்ல தங்கக் கூடாது. அன்னன்னைக்கு குடோனுக்குப் போயிரணும்” என்பார். எங்கள் சரக்கு, அன்று போட்ட டிசைன்கள். தினமும் ஐந்து மணிக்கு எல்லாவற்றையும் ஒரு ஹார்ட் டிஸ்கில் ஏற்ற வேண்டும். ஏற்றியதும் ஒயரை உருவி, டிஸ்கைப் பருத்தித் துண்டில் சுற்றி, டிபன் கேரியரில் வைத்து, முற்றத்தைத் தாண்டிப் பேப்பர் குடோனில் வைத்துப் பூட்டுவார். அதிலும் இரண்டு டிஸ்க். ஒரு நாள் இது, மறுநாள் அது; ஒன்று வெளியே வந்தால் மற்றது குடோனை விட்டு நகராது. “ரெண்டு வண்டி ஒரே நேரத்துல ஷெட்டு வாசல்ல நிக்கலாமாலே?” என்று முருகேசனைக் கேட்பார். அவனுக்கு ஐந்தேகால் பஸ் போயிருக்கும்.

கார்த்திகை மாதம். சீசன் உச்சம். சாத்தூர் மிட்டாய்க் கடையிலிருந்து மல்லாங்கிணறு உரக்கடை வரை எல்லாருக்கும் அப்போதே காலண்டர் வேண்டும். எனக்கோ நேரம் சரியில்லை. ஒரு ஜவுளிக்கடைக் காலண்டரில் எதிர்க் கடையின் போன் நம்பரைப் போட்டுவிட்டு, முதலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தேன். “இன்னொரு தப்பு வந்துச்சுன்னா வீட்டுல இருந்துக்கோங்க” என்று சொல்லியிருந்தார். வீட்டுக்காரருக்கு அப்போது வேலை இல்லை. என் சம்பளத்தில்தான் அடுப்பு எரிந்தது.

ஒரு புதன்கிழமை மாலை நாலு மணிக்கு ‘அவசர ஆர்டர்’ என்று ஒரு மெயில் வந்தது. சீசனில் ஆர்டர் என்று எழுதி எமன் அனுப்பினாலும் நாங்கள் திறப்போம். திறந்தேன். இணைப்பில் இருந்த ஃபைலை அமுக்கினேன். ஏதோ அனுமதி கேட்டது, சரி என்று கொடுத்தேன். ஒன்றும் வரவில்லை. அனுப்பியவன் விவரமில்லாதவன் போல என்று நினைத்து அடுத்த வேலையைப் பார்த்தேன்.

வியாழக்கிழமை காலை பிள்ளையார் படத்தைத் திறந்தால் பிள்ளையாரைக் காணோம். ஒவ்வொரு ஃபைலின் பெயருக்குப் பின்னாலும் புரியாத எழுத்து வால். பிறகு திரை முழுக்க ஒரு அறிவிப்பு: உங்கள் ஃபைல்களைப் பூட்டிவிட்டோம், பணம் கட்டினால் சாவி தருவோம். ரேன்சம்வேர் என்று பேப்பரில் படித்திருந்தோம். அது காலண்டர் அச்சகத்துக்கும் வரும் என்று நினைக்கவில்லை.

நான் போட்ட அலறலில் அண்ணாச்சி வந்தார். திரையைப் பார்த்தார். அவருக்கு ஒரே ஒரு கேள்வி.

“பத்திருச்சா?”

“பத்திருச்சு அண்ணாச்சி.”

அவ்வளவுதான். இந்தக் கம்ப்யூட்டரிலிருந்து அந்தக் கம்ப்யூட்டருக்குப் போகும் ஒயர்களை எல்லாம் வேரோடு பிடுங்கினார். எங்களை முற்றத்துக்கு விரட்டி ஆறு தலையையும் எண்ணினார். சந்தேகம் வந்து மறுபடி எண்ணினார்.

எனக்குப் பதற்றம். “அண்ணாச்சி, குடோன்ல இருந்து நேத்து டிஸ்க்க எடுத்துட்டு வாங்க. மாட்டிப் பாத்துருவோம்” என்றேன்.

“எரியிற ஷெட்டுக்குள்ள நல்ல சரக்கக் கொண்டு போவாகளா தாயி?” என்று குடோன் சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டார்.

மதுரையிலிருந்து வந்த இன்ஜினியர், ஒயரைப் பிடுங்கியது யார் என்றுதான் முதலில் கேட்டார். திட்டப் போகிறார் என்று நினைத்தோம். பாராட்டினார். வராண்டாவில் இருந்த இரண்டு கம்ப்யூட்டருக்கும் அது போகவில்லையாம். முருகேசன் முதல்முறையாக வராண்டாவை நன்றியோடு பார்த்தான். பணம் கட்டக் கூடாது, கட்டினாலும் சாவி வரும் என்று நிச்சயமில்லை, சைபர் கிரைம் போலீசில் புகார் கொடுங்கள் என்றார். சில வகைப் பூட்டுகளுக்கு இலவசமாகவே சாவி கிடைக்குமாம். தேடிப் பார்த்தார், எங்களுடையதற்கு இல்லை. கம்ப்யூட்டரைச் சுத்தமாகத் துடைத்து, எல்லாவற்றையும் புதிதாக ஏற்றி, பாஸ்வேர்டுகளை எல்லாம் மாற்ற வேண்டும் என்றார்.

“ஷெட்ட இடிச்சிட்டுப் புதுசாக் கட்டச் சொல்றீக” என்றார் அண்ணாச்சி.

“அதேதான் சார். ஆனா இது எப்ப உள்ள வந்துச்சுன்னு தெரியணும். அதுக்கு முந்தி எடுத்த டிஸ்க்தான் நம்பிக்கை. யாராவது மெயில் எதையும் திறந்தீங்களா?”

எனக்கு அந்த ‘அவசர ஆர்டர்’ நினைவுக்கு வந்தது. சொன்னால் வேலை போகும். சொல்லாவிட்டால் புதன்கிழமை டிஸ்கை மாட்டுவார்கள், மறுபடி பற்றும்.

அண்ணாச்சி என்னைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துப் பேசினார்.

“ஆலையில ஒரு பிள்ள இருந்தா. கொஞ்சம் மருந்தக் கொட்டிட்டா. என்கிட்ட சொல்லியிருந்தா தண்ணிய ஊத்திக் கழுவியிருப்பேன். அப்பல்லாம் நான் ரொம்ப வைவேன். அதுக்குப் பயந்து அவளாத் துணியப் போட்டுத் துடைச்சிருக்கா. தேய்ச்சா பத்தும்ல? பிள்ள போயிருச்சு.”

“நான்தான் அண்ணாச்சி” என்றேன். “நேத்து நாலு மணிக்கு.”

செவ்வாய்க்கிழமை டிஸ்க் டிபன் கேரியரில் வந்தது. இன்ஜினியர் முதலில் தன் லேப்டாப்பில் சோதித்தார். பிறகு துடைத்துப் புதிதாக்கிய கம்ப்யூட்டரில் மாட்டினார். பிள்ளையார் வந்தார், லட்சுமி வந்தாள், உரக்கடை முதலாளியும் மீசையோடு வந்தார். போனது புதன்கிழமை ஒரு நாள் வேலை. உட்கார்ந்து திரும்பப் போட்டோம்.

முதலாளி விடவில்லை. என் கணக்கை முடிக்கச் சொன்னார். அண்ணாச்சி அவர் முன்னால் கை கட்டித்தான் நிற்பார். அன்றும் கையைக் கட்டிக்கொண்டே சொன்னார்.

“சொன்ன பிள்ளைய அனுப்பிட்டா, இனி ஒருத்தரும் வாயத் தொறக்க மாட்டாக முதலாளி. எல்லாம் மறைச்சுத் தொடைப்பாக. அந்த ஷெட்ல நான் நிக்க மாட்டேன். என்னையும் சேர்த்து அனுப்பிருங்க.”

முதலாளி கணக்கு நோட்டை மூடி வைத்தார். பிறகு, “போய் வேலையப் பாருங்க” என்றார்.

மறுநாள் நன்றி சொல்லப் போனேன். “அதெல்லாம் எதுக்குத் தாயி” என்றார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, “அன்னைக்கு நீ சொன்னேல்ல, அந்தப் பிள்ளையே வந்து சொன்ன மாதிரி இருந்துச்சு” என்றார். கண்ணுக்கு ஏசி காற்று ஆகவில்லை என்று சொல்லித் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு நான் செய்த தப்புகளுக்குக் குறைவில்லை. வீட்டுக்காரரிடம் மறைத்தவைகூட உண்டு. அண்ணாச்சியிடம் மட்டும் ஒன்றையும் மறைத்ததில்லை.