கோட்டை வாசலில் நொண்டிய குதிரை

விஜயநகர், மைசூர்
17-8-1994

மகாராஜராஜஸ்ரீ கதை எழுதும் ஐயா அவர்களின் சமூகத்துக்கு, ஜட்கா வண்டி மாதப்பன் இரண்டு கையும் கூப்பி எழுதிக்கொண்டது. மாதேஸ்வரன் புண்ணியத்தில் நானும் என் மனைவி தேவம்மாவும் மகள் கனகாவும் இங்கே சுகம். நீங்களும் உங்கள் பேனாவும் சுகமாக இருக்க வேண்டும்.

கையெழுத்து மேடும் பள்ளமுமாக இருப்பதைப் பொறுத்துக்கொள்ளவும். முப்பத்தைந்து வருஷம் லகான் பிடித்த கை, பேனாவையும் இழுத்தே பிடிக்கிறது. எனக்கு வயது அறுபத்தாறு. எழுத்து தெரிந்து எட்டு மாதம்தான் ஆகிறது. சொல்லிக்கொடுத்தவள் கனகா. அவள் பாலாறு செக்போஸ்ட்டுக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டில், மாமன் வீட்டில் தங்கி எட்டாவது வரை தமிழில் படித்தவள். இப்போது தையல் கடையில் வேலை. அந்தக் கடைக்கு வரும் வாரப் பத்திரிகையில் உங்கள் கதை வருகிறதாம். அச்செழுத்து பொடியாக இருக்கிறது என்று சனிக்கிழமைதோறும் அதைக் கோடு போட்ட நோட்டில் பெரிய எழுத்தில் காப்பி பண்ணிக் கொடுக்கிறாள். ஒரு வாரத்துக் கதையைப் படிக்க எனக்குச் சரியாக ஒரு வாரம் ஆகிறது.

ஐயா, இது எப்படி ஐயா? நீல மைக் கோடுகளை நான் விரலால் தொட்டுக்கொண்டே போகிறேன், உள்ளே ஒரு கோட்டை எழும்பி நிற்கிறது. இளவரசியைப் பெண் கேட்டு ஒருத்தன் படையோடு வருகிறான், ஆறு பெருகிப் படகு அக்கரையிலேயே நின்றுவிடுகிறது, நல்ல நேரம் தப்பிப் போகிறது. அடுத்தவன் வருகிறான், ஆற்றங்கரையில் கொள்ளு தின்ற குதிரைக்கு உடனே தண்ணீர் காட்டுகிறார்கள், அது வயிற்று நோவில் புரண்டு படுத்துவிடுகிறது. வழியில் கிடைத்தது சந்தைக்குப் போகிற பூசணிக்காய் வண்டிதான், அதில் உட்கார்ந்து அரண்மனைக்கு எப்படிப் போவது என்று அவனும் திரும்பிவிடுகிறான். ஒன்றும் மந்திரமில்லை, மாயமில்லை. எல்லாம் நடக்கக் கூடியது. அதுதான் எனக்கு மயிர்க்கூச்செறிகிறது, ஏனென்றால் என் வீட்டிலும் அப்படியே நடக்கிறது.

கனகாவைப் பார்க்க முதலில் ஹனூர்க்காரர்கள் வந்தார்கள். பஸ் ஸ்டாண்டிலிருந்து அவர்களை அழைத்துவரத் தெரிந்த பையன் உமேஷை அனுப்பினேன். என் ஜட்காவில் லகான் பிடித்துப் பழகி, பிறகு ஆட்டோ வாங்கியவன், மைசூரில் எந்தச் சந்தும் அவனுக்குத் தூக்கத்தில்கூடத் தெரியும். அன்றைக்குப் பார்த்து அவனுக்கு வழி குழம்பிவிட்டது. விஜயநகர் முதல் ஸ்டேஜ், மூன்றாவது ஸ்டேஜ், நாலாவது ஸ்டேஜ் என்று சுற்றி, ராகுகாலம் பிறந்த பிறகு கொண்டுவந்து இறக்கினான். அவர்கள் காப்பிகூடக் குடிக்கவில்லை. அடுத்தது ஸ்ரீரங்கப்பட்டணத்து மாப்பிள்ளை. நெடுஞ்சாலையில் கரும்பு லாரிகளுக்கு நடுவே உமேஷின் ஆட்டோவில் பெட்ரோல் தீர்ந்து, மழை பிடித்து, மாப்பிள்ளையின் அப்பா நனைந்து, வீடு வந்து சேரும்போது அவருக்குக் குளிர்ஜுரம். மூன்றாவது, பாக்டரி வேலைக்காரர். ஆட்டோ எங்கள் தெருமுனை வரை நன்றாக வந்து அங்கே நின்றுவிட்டது. உமேஷ் குனிந்து என்னவோ பார்த்தான், நிமிர்ந்தான், மறுபடி குனிந்தான். மாப்பிள்ளையின் அம்மா, "வண்டியே உள்ள போக மாட்டேங்குது, நம்ம எதுக்குப் போகணும்?" என்று இறங்கி நடந்துவிட்டாள். அவர்கள் போனதும் ஒரே இழுப்பில் ஆட்டோ கிளம்பியது. பாவம் உமேஷ், வேர்த்து ஒழுகிக்கொண்டு நின்றான். "ஏனப்பா உன் வண்டிக்கும் என் வீட்டுக்கும் ஆகலையா?" என்றேன். "என்ன மாடோது ஐயா, எல்லாம் நேரம்" என்று, என்ன செய்வது என்பதைக் கன்னடத்தையும் தமிழையும் கலந்து சொல்லிவிட்டுப் போனான்.

அன்றிலிருந்து தெருவில் கனகாவை ராசியில்லாதவள் என்கிறார்கள். என் காதிலேயே விழுந்தது. தேவம்மா சாப்பாட்டில் கை வைக்கவில்லை. கனகா சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள், தோள் குலுங்கியது, அழுகிறாள் என்று விட்டுவிட்டோம். இப்போது உங்கள் கதையில் அரண்மனை ஜோசியர் இளவரசியை அதே வார்த்தை சொல்லும் இடத்தில், "இளவரசி சிரித்தாள்" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த இரண்டு சொல்லை அரைமணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஏன் சிரித்தாள்?

இன்னொரு சந்தேகம். போன வாரம் மூன்றாவது ராஜாவின் வெள்ளைக் குதிரை கோட்டை வாசலில் நொண்டியது. காயமில்லை, வீக்கமில்லை. கூட்டம் கலைந்ததும் லாயக்காரன் குனிந்து, குளம்புக்கு மேலே ரோமத்துக்குள் இறுக்கிக் கட்டியிருந்த ஒற்றை வால்மயிரை அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டான். ஐயா, அப்படிக் கட்டினால் நல்ல குதிரையும் நொண்டும், இது என் அப்பன் எனக்குக் காட்டிய தொழில் ரகசியம். நான் இரண்டே பேரிடம் சொல்லியிருக்கிறேன். ஒருத்தி கனகா, இன்னொருத்தன் உமேஷ். ஒருவேளை நீங்கள் மைசூர் வந்தபோது அவன் ஆட்டோவில் ஏறினீர்களோ?

ஒரு விண்ணப்பம். வருகிற ஞாயிற்றுக்கிழமை கொள்ளேகாலத்திலிருந்து நாலாவது மாப்பிள்ளை வருகிறார், சம்பளக்காரர். ரயில்வே ஸ்டேஷன் வாசலில் மழையிலும் வெயிலிலும் சவாரிக்குக் காத்துக் கிடந்தவன் நான், அதனால் வண்டிக்காரனுக்குப் பெண் கொடுப்பதில்லை என்று சபதம் வைத்திருக்கிறேன். இதுவும் தவறினால் என் பெண் பெயர் கெட்டே போகும். நீங்கள் உங்கள் இளவரசிக்குச் சீக்கிரம் நல்ல ராஜாவாகப் பார்த்து முடித்துவிட்டால், இங்கேயும் முடியும் என்று மனசு சொல்கிறது.

உங்கள் கையும் கண்ணும் நூறு வருஷம் நன்றாக இருக்கட்டும். ஞாயிறு நடந்ததை அடுத்த வாரம் எழுதுகிறேன்.

இப்படிக்கு,
மாதப்பன்

பின்குறிப்பு, வியாழக்கிழமை: விலாசம் எழுதக் கனகாவிடம் கொடுத்தேன். நின்றபடியே படித்தாள், என்னைவிட மெதுவாகப் படித்தாள். பிறகு, "இதுக்கு ஸ்டாம்பு வேண்டாம்ப்பா" என்றாள். நோட்டை எடுத்து அடுத்த பக்கத்தைக் காட்டினாள். வெறுமையாக இருந்தது. பத்திரிகை ஒன்றும் இல்லையாம். "லாயக்காரனை நீங்க என்ன பண்ணுவீங்கன்னு தெரிஞ்சாத்தான் நான் மேல எழுத முடியும்" என்றாள்.

பெரிய தாடி வைத்த பண்டிதர் என்று நினைத்து மகாராஜராஜஸ்ரீ போட்டேன், அவர் என் வீட்டு அடுப்படியில் ராகிக் களி கிண்டிக்கொண்டிருக்கிறார். அதனால் ஐயாவை அடித்துவிட்டு, கனகா, உனக்கே எழுதுகிறேன், வாயால் சொல்ல வரவில்லை. கொள்ளேகாலத்துக்கு வர வேண்டாம் என்று கார்டு போட்டுவிட்டேன். நான் தபாலில் போட்ட முதல் எழுத்து அதுதான். உமேஷை ஞாயிற்றுக்கிழமை ராகுகாலத்துக்கு முன்னால் அவன் அம்மாவோடு வரச் சொல். ஆட்டோ வேண்டாம், அதை நான் நம்ப மாட்டேன். நடந்தே வரட்டும்.