வேர்வைச் சித்தரின் அஞ்சு விரல்

திருமுல்லைவாயில் ஸ்டேஷன் ரோட்டுல சாயங்காலம் ஆனா பிரியாணிக் கடையிலதான் கூட்டம் நிக்கும். இப்போ பிரியாணிக்காரர் ஈ ஓட்டுறார். கூட்டமெல்லாம் எதிர் கல்யாண மண்டபத்துல. அங்கே வந்து இறங்கியிருக்கார் வேர்வைச் சித்தர்!

சித்தர்னா ஜடாமுடி, கோவணம்னு நினைச்சுடாதீங்க. டிராக் பேண்ட், ஸ்போர்ட்ஸ் ஷூ, நெத்தி நிறைய பட்டை. அவர் தர்ற பிரசாதம் கருநீல ஜெர்சி. போட்டா மூட்டுவலி போகும், கபடியில கோப்பை வரும், சர்க்கரை இறங்கும், வரன் அமையும். ஒரு பனியனுக்கு இத்தனை வேலை இருக்குன்னு அதைத் தச்சவனுக்கே தெரியாது, பாவம்.

அத்தாட்சியும் உண்டு. பக்தருங்க முதல்ல ஐஸ் மிதக்கிற கும்பத் தீர்த்தத்துல கை நனைச்சுத் துடைக்கணும். சுத்தபத்தம்! அப்புறம் ஜெர்சி மேல கை வைக்கணும். ஒண்ணும் ஆகாது. அடுத்து சித்தர், எரியிற கற்பூரத்து மேல கையைக் காட்டிட்டு வைப்பார். அதுவும் சுத்தபத்தம்! கருநீலத்துல அஞ்சு விரலும் வெள்ளையா பூக்கும். கொஞ்ச நேரத்துல மறையும். தோஷத்தைத் துணி குடிச்சிடுச்சாம். மண்டபமே கன்னத்துல போட்டுக்கும்.

ஹேமாவதியும் சிரிச்சுட்டுப் போயிருப்பா, அவ மூச்சுக்கு இழுக்கிற மருந்து பஃப் மட்டும் சித்தர் காலடிக்குப் போகாம இருந்திருந்தா.

ஆயிரத்தைந்நூறு மீட்டர் ஓடுற பொண்ணு. சின்ன வயசுலேர்ந்து வீசிங். டாக்டர் சொன்னபடி பஃப் அடிச்சுட்டுத்தான் ஓடுவா. ஞாயித்துக்கிழமை ஆவடியில மாவட்ட அணிக்குத் தேர்வு. அவ அப்பா சம்பத், இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்ல சரக்கு தூக்குற ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுறவர், பொண்ணுக்காக உயிரையே தருவார். சித்தர் உயிரைக் கேக்கலை, பஃபைத்தான் கேட்டார்.

"துணியே மூச்சு வுடுது நைனா, உம் பொண்ணுக்கு மருந்து இன்னாத்துக்கு? ரெண்டும் இருந்தா ஜெர்சி கோச்சுக்கும்."

காத்தோட்டமான துணின்னு லேபிள்ல போட்டிருக்கு. அவ்வளவுதான் விஷயம். காலடியில ஏற்கெனவே ஒரு குவியல் கிடந்தது: முட்டிப் பட்டை, சர்க்கரை மாத்திரை, மூக்குக் கண்ணாடி. அது மேல பஃபும் சேர்ந்துச்சு.

மறுநாள் காலையில வெறும் ஜெர்சியை நம்பி ஓடினா ஹேமா. மூணாவது சுத்துல நெஞ்சு விசிலடிச்சுது. தரையில உக்காந்துட்டா. கூட ஓடின ஜோதிகாதான் வண்டியில தூக்கிப் போட்டுக்கினு ஆஸ்பத்திரிக்குப் பறந்தா.

"விசுவாசம் பத்தல கண்ணு," அப்பா சொன்னார். "இனி மருந்தைத் தொட்டே, தேர்வுக்கே அனுப்ப மாட்டேன்."

ஹேமாவுக்கு அழுகை வந்தது. அதைவிட ஆத்திரம் வந்தது. ஜெர்சியைச் சுருட்டி அடுப்படிப் பக்கம் வீசினா. அது போய் கொதிச்சுக்கினு இருந்த இட்லிக் குண்டான் மேல விழுந்துச்சு. எடுத்துப் பார்த்தா, கருநீலத்துல வட்டமா ஒரு வெள்ளை!

"அடப்பாவி! எங்க ஊட்டுக் குண்டானும் சித்தரா?"

சனிக்கிழமை மண்டபத்துல நிக்க இடமில்லை. ஹேமா அப்பாவோட முன்னாடி போய் நின்னா.

"சாமி, எனக்கு விசுவாசம் பத்தலையாம். ஒரு வேண்டுதல். இன்னிக்கு நீங்க தீர்த்தத்துல கை வையுங்க, நான் கற்பூரத்துல காட்டுறேன்."

சித்தர் பல்லைக் காட்டினார். "எனக்கு இன்னாத்துக்கும்மா தீர்த்தம்? நானே சுத்தம்."

அங்கேதான் அவர் தலையில அவரோட பக்தருங்களே கல்லைப் போட்டாங்க. "சாமி கை பட்ட தீர்த்தமா!" சம்பத் கையெடுத்துக் கும்பிட்டார். "நனைங்க சாமி! ஊட்டுக்கு எடுத்துக்கினு போறோம்!" தண்ணி பாட்டிலைத் தூக்கிக்கினு கூட்டம் முண்டியடிச்சுது. பக்தியோட நாலு பேர் அவர் கையைப் பிடிச்சு ஐஸுக்குள்ள அமுக்கினாங்க. "இன்னும் கொஞ்ச நேரம் சாமி!"

விறைச்ச கையைத் துடைச்சு ஜெர்சியில வச்சார் சித்தர். கருநீலம் அப்படியே இருந்துச்சு. அழுத்தினார், தேய்ச்சார். ஊஹூம்.

ஹேமா கற்பூரத்துல கையைக் காட்டிட்டு வச்சா. பளிச்சுனு அஞ்சு விரல்!

"ஆத்தாடி, ஹேமா சித்தராயிட்டா!" அடுத்த ஊட்டு வேம்புலியம்மாள் தொபுக்கடீர்னு அவ கால்ல விழுந்துச்சு.

"எழுந்திரு அத்தே! நல்லா சூடு பட்டா நிறம் மாறுற சாயம் இது. டீ கிளாஸை வச்சுப் பாரு, அதுவும் அருள் பாலிக்கும்."

டீக்கடை கன்னியப்பன் கிளாஸை வச்சார். வட்டமா அருள் பாலிச்சுது.

எல்லாரும் அதைப் பார்த்துக்கினு இருந்தப்போ, சித்தரோட ஸ்போர்ட்ஸ் ஷூவுக்கு முதல் தடவையா வேலை வந்தது. ரயில்வே கேட் வரைக்கும் ஓடினார். அவர்கிட்ட ஜெர்சி வாங்கின கபடிப் பசங்களே அங்கே அமுக்கிட்டாங்க. போலீஸ் வந்து ஏத்திக்கினு போச்சு.

சம்பத் குவியலைக் கிளறிப் பஃபைத் தேடி எடுத்தார். சட்டை முனையால துடைச்சார். "உன்னைக் கொன்னுருப்பேனே கண்ணு," அவர் குரல் உடைஞ்சு போச்சு. "இந்தச் சனியன் புடிச்ச ஜெர்சியைக் கொளுத்திடவா?"

"எதுக்குப்பா? வேர்வையை இழுக்குது, சீக்கிரம் காயுது. நல்ல துணி. அது எப்பவும் பொய் சொல்லல. நாளைக்குப் பஃபும் அடிப்பேன், இதையும் போட்டுக்கினு ஓடுவேன்."

வாசல்ல வேம்புலியம்மாள் மெதுவா அவ கையைப் பிடிச்சுது. "இவன் போவட்டும்டீ. வானகரத்துல ஒருத்தரு ஷூவை மந்திரிச்சுத் தர்றாராமே, அவரு நெசமான சாமியாம்."

ஹேமா நின்னா. பெருமூச்சு விட்டா.

"போ அத்தே, தாராளமாப் போ. ஆனா முதல்ல அவரை ஐஸ் தண்ணியில கையைக் கழுவச் சொல்லு. அப்புறமா நீ கும்புடு."