சோழர் தூக்கிவந்த குடம்

ரொறன்ரோவில் ஒன்றும் தெரியாமல் எல்லாவற்றையும் அடித்துச் சொல்லக்கூடிய ஆட்களுக்குப் பஞ்சமே இல்லை. அவர்கள் எல்லாருக்கும் அரசர் எங்கள் சோழர். வெக்ஸ்போர்ட்டில் நாங்கள் முன்பு இருந்த அடுக்குமாடிச் சனம்தான் அந்தப் பட்டத்தை அவருக்குச் சூட்டியது. சொந்தப் பெயர் என்று ஒன்று இருந்திருக்கும். அதைக் கேட்டுவைக்க எனக்கு ஒருநாளும் தோன்றவில்லை.

தொழில், ஸ்கூல் பஸ் ஓடுவது. காலையில் பிள்ளைகளை இறக்கினால் பின்னேரம் ஏற்றும்வரை வேலை இல்லை. வேறு யாரும் என்றால் ஒரு கோப்பியைக் குடித்துவிட்டு பஸ்ஸுக்குள்ளேயே கண்ணயருவார்கள். இவர் பழைய சாமான் விற்கும் கடைகளாக ஏறி இறங்கி, வெடித்த சட்டி, கைபிடி போன கூஜா, அடி கறுத்த கிண்ணம் என்று பொறுக்கிவருவார். பொறுக்கியதெல்லாம் சோழர் காலம். கூஜாவின் அடியில் ஏதோ தொழிற்சாலையின் முத்திரை இருப்பதை ஒருமுறை காட்டினேன்.

"உது பிறகு ஆரோ குத்தினது, தம்பி" என்றார்.

காலம் கணிக்க அவருக்கு ஒரு முறை இருந்தது. முதலில் விரல் முட்டியால் தட்டிக் காதைக் கொடுப்பார். பிறகு மோந்து பார்ப்பார். கடைசியில், பார்த்துக்கொண்டிருப்பவர்களின் கூச்சத்தைக் கணக்கில் எடுக்காமல், நக்குவார். "மண் பொய் சொல்லாது தம்பி, நாக்குக்குத் தெரியும்" என்பார். மைக்ரோவேவில் வைக்கலாம் என்று அடியில் எழுதியிருந்த சட்டி ஒன்றையும் அப்படித்தான் நக்கிப் பார்த்து, கடாரத்துக்குப் போன படை சோறு கட்டிக்கொண்டுபோன பாத்திரம் என்று தீர்ப்புச் சொன்னார்.

இந்த மனிதரைத்தான் என் மனைவி வதனி, நாங்கள் ரூஜில் வாங்கிய வீட்டின் குடிபூரலுக்கு வரச் சொல்லிவிட்டாள். உண்மையில் அது அவள் வாங்கிய வீடு. எனக்கு அதில் பங்கு, கையெழுத்துப் போட்டதுதான். அவள் இரண்டு வேலைக்கு ஓடி, ஊருக்குப் போகும் பயணத்தை வருடாவருடம் தள்ளிவைத்து வாங்கினாள். அவளுக்கு நாள், நேரம், சகுனம் எல்லாம் மிக முக்கியம். கனடாவில் பல்லி இல்லாததால் எதற்கும் பலன் பார்க்க முடியவில்லை என்பது அவளுக்கு இன்றைக்கும் ஒரு குறை.

குடிபூரல் அன்று விடியவே சோழர் வந்து நின்றார். நெஞ்சோடு அணைத்தபடி, முழங்கால் உயரத்தில், மண்ணிறப் பூச்சுப் பூசிய ஒரு சாடி. மூடி இல்லை.

"பிள்ளை, பித்தளைக் குடம் எல்லாற்றை வீட்டிலையும் இருக்கு. இது ஆயிரம் வருசத்துக் குடம். நிறைகுடம் வைக்கவெண்டே செய்தது. வாயைப் பாருங்கோ, தேங்காய்க்கு அளவெடுத்தமாதிரி."

வதனி ஒரு தேங்காயை எடுத்து வைத்துப் பார்த்தாள். அச்சொட்டாக இருந்தது. அவ்வளவுதான், பித்தளைக் குடம் குசினிக்குப் போய்விட்டது. வாசலில் வாழையிலை விரித்து, அரிசி பரப்பி, சாடியில் தண்ணீர் நிரப்பி, மாவிலை செருகித் தேங்காயை ஏற்றினார்கள். தான் ஏற்கெனவே நக்கிப் பார்த்ததாகவும், உப்புக் கரித்ததாகவும், ஆகவே அது கப்பலில் வந்தது நிச்சயம் என்றும் சோழர் வந்தவர்களுக்கு விளக்கிக்கொண்டிருந்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

பால் அடுப்பில் ஏறிய நேரம், பக்கத்து வீட்டுச் சீனத்துக் கிழவர் தோடம்பழப் பெட்டியோடு வந்தார். சப்பாத்தைக் கழற்றக் குனிந்தவர், சாடியைக் கண்டு அப்படியே நின்றுவிட்டார். பிறகு மெதுவான குரலில், உள்ளே இருப்பது யார் என்று கேட்டார்.

தண்ணீர் என்றேன். அவருக்கு ஆறுதலாக இருந்ததுபோலத் தெரிந்தது. ஆனால் படி ஏறவில்லை. தென்சீனத்தில் தன் கிராமத்தில், புதைத்தவர்களைச் சில வருடங்களின் பின் தோண்டி, எலும்பைத் துடைத்து இப்படியான சாடியில்தான் வைப்பார்கள் என்றார். தன் தொடையில் கையை வைத்து அளந்து காட்டினார். தொடை எலும்பு நிற்கவேண்டும், அதற்காகத்தான் இந்த உயரம். எல்லாவற்றுக்கும் மேலே தலை. வாய் அதற்குரிய அகலம். பெயரை மூடியின் உட்பக்கத்தில் எழுதுவார்கள், மூடி இல்லாததால் இதில் யாராவது இருந்தார்களா என்று தன்னால் சொல்ல முடியாது என்று வருத்தப்பட்டார்.

எல்லாரும் தேங்காயைப் பார்த்தோம்.

சோழர் சால்வைத் தலைப்பால் நாக்கைத் துடைத்ததை நான் கண்டேன். ஆனால் வாய் அடங்கியதா? "சீனாக்காரனுக்கு உந்த வழக்கத்தைப் பழக்கினதே நாங்கள்தான்" என்றார்.

வதனி என் பக்கத்தில்தான் நின்றாள். பால் பொங்குவதற்கு முன் அடுப்பை நிறுத்திவிட்டுக் காரில் ஏறினாள். வந்த சனம் ஒரு குறையும் வைக்காமல் சாப்பிட்டுவிட்டுத்தான் போனது. சோழர் சாடியைத் தூக்கிக்கொண்டு போனார்.

அடுக்குமாடி லீஸ் முடிய இன்னும் கொஞ்ச நாள் இருந்தது. அவள் அங்கேயே இருந்துவிட்டாள். "செத்த ஆக்களை வாசலிலை வைச்சுக் குடிபூந்த வீடு. எனக்கு வேண்டாம். வித்துப்போடுங்கோ." சொல்லும்போதே அழுதாள். இவ்வளவு காலம் ஓடி ஓடி உழைத்து வாங்கிய வீட்டை, ஒரு பஸ்காரரின் நாக்கு நாசமாக்கிவிட்டது. எனக்கு வந்த ஆத்திரத்தில் சோழருக்குப் போன் எடுத்தேன்.

"உங்கடை சோழரும் நீங்களும். அவள் வீட்டை விக்கச் சொல்லுறாள் அண்ணை."

வழக்கமான பிரசங்கத்துக்குக் காத்திருந்தேன். அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "பிள்ளை அழுகுதோ?"

"ஓம்."

போனை வைத்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை அடுக்குமாடிக்கே வந்து கதவைத் தட்டினார். கூடவே சீனத்துக் கிழவர். கையில் அதே சாடி. எனக்குக் கதவைச் சாத்தினால் என்ன என்று இருந்தது. சோழர் என்னை விலத்திக்கொண்டு போய் வதனிக்கு முன்னால் நின்றார்.

"பிள்ளை, நான் பிழை விட்டிட்டன். உது சோழற்றை குடமில்லை. எலும்புச் சாடியும் இல்லை. சீனத்து ஊறுகாய்ச் சாடி. இவரும் வயசுபோன மனிசன், கண் பிடிபடாமல் மாறிச் சொல்லிப்போட்டார்."

கிழவர் தரையைப் பார்த்தபடி தலையை ஆட்டினார்.

சோழர் சாடிக்குள் கையை விட்டார். உள்ளே தேசிக்காய் ஊறுகாய். ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டு, அவள் முகத்தைப் பார்த்தபடியே மென்று விழுங்கினார். பிறகு இன்னொரு துண்டு. "எலும்பு வைச்சதெண்டால் நான் இதைத் தின்னுவனே, சொல்லுங்கோ?"

வதனி, "உப்புக் காணாது போலை, முகம் சுழிக்கிறியள்" என்றாள். அன்று பின்னேரம் ரூஜ் வீட்டில் பால் பொங்கியது.

செய்தி கட்டடம் முழுக்கப் பரவியது. ஊறுகாய்ச் சாடியைச் சோழர் குடம் என்றவரைச் சனம் சும்மா விடுமா? லிஃப்டுக்குள், கார் நிறுத்துமிடத்தில், கோயிலில், எங்கு கண்டாலும் சிரித்தார்கள். நானும் ஒருநாள் அவரை மறித்து, ஒளிக்காமல் சொல்லுங்கோ, அது எலும்புச் சாடிதானே என்று கேட்டேன்.

"ஓம் தம்பி. லைப்ரரியிலை புத்தகம் எடுத்துப் பார்த்தனான். சந்தேகமே இல்லை."

"பிறகு எப்பிடி அண்ணை திண்டனீங்கள்?"

"ரெண்டு தரம் வெந்நீர் விட்டுக் கழுவினனான்" என்று சொல்லிவிட்டு பஸ்ஸை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

வீட்டுக்கு வந்து வதனியிடம் மறைக்க முடியாமல் உளறிவிட்டேன். அவள் மரக்கறி வெட்டுவதை நிறுத்தக்கூட இல்லை.

"எனக்குத் தெரியும். அவையள் கதவைத் தட்ட முதலே போனிலை படம் தேடிப் பார்த்திட்டன்."

"பிறகேன் இஞ்சை வந்தனீர்?"

"ஒரு நாளும் பிழையெண்டு ஒத்துக்கொள்ளாத மனிசன், நான் அழக்கூடாதெண்டு அதுக்குள்ளை இருந்து எடுத்துத் திண்டவர். அவர் கூட்டிக்கொண்டு வந்து விட்ட வீட்டிலை எனக்கு என்ன கெடுதல் வரப்போகுது?"

சோழரைப் பற்றி நான் சொன்னதில் ஒன்றும் பொய்யில்லை. ஆனாலும் அந்த மனிதர் நெடுங்காலம் சுகமாக இருக்கவேண்டும்.