சார்மினாருக்கு முந்தைய ரூபாய்

முட்டாளாவதற்கும் முன்தயாரிப்பு வேண்டும். நான் ஒரு வாரம் தயாரித்தேன்.

என் அப்பா ரயில்வேயில் வேலை பார்த்து, ஓய்வுக்குப் பிறகும் ஹைதராபாத் பக்கம் மெட்டுகுடாவிலேயே தங்கிவிட்டவர். பழைய நாணயம் சேர்ப்பார். நாணயச் சங்கம் ஒன்றில் உறுப்பினராக வேண்டும் என்பது அவருடைய வெகுநாள் ஆசை. அதற்குச் சங்கத்தின் கண்காட்சியில் மேசை போட வேண்டும், அது சங்கத்தாருக்குப் பிடிக்கவும் வேண்டும். மேசை கிடைத்தது. "காசுக்குக் கீழ வைக்கிற விளக்க அட்டையெல்லாம் நீ எழுதிரும்மா. நீதானே இன்ஜினியர்" என்றார். (அவர் செய்த ஒரே தப்பு அதுதான்.)

நாணயங்களைப் படமெடுத்தேன், எடை போட்டேன், எக்செல்லில் ஏற்றினேன். நிஜாம் காலத்து வெள்ளி ரூபாயில் ஆண்டு உருது எழுத்தில் இருந்தது. நெட்டில் பார்த்து அந்த எண்களைப் படிக்கக் கற்றுக்கொண்டேன்: 1343. மற்றதெல்லாம் பிரிட்டிஷ் காசு என்பதால், ஆண்டுவாரியாக அடுக்கியதும் இது முதலிடத்துக்குப் போனது. 'ஏறத்தாழ எழுநூறு ஆண்டுப் பழமை' என்று கொட்டை எழுத்தில் அச்சடித்தேன்.

அப்பா அட்டையைப் பார்த்தார், காசைப் பார்த்தார். "வாங்குறப்போ இவ்வளவு வயசாகலையே" என்று மட்டும் சொன்னார்.

கண்காட்சியன்று சங்கத் தலைவி எங்கள் மேசைக்கு வந்தார். ஓய்வு பெற்ற வரலாற்றுப் பேராசிரியை. காசின் நடுவில் அழகாகச் சார்மினார்.

"மகளே, சார்மினார் கட்டி நானூத்திச் சொச்சம் வருஷம்தானே ஆச்சு? அதுக்கு முன்னாடியே காசுல எப்படி ஏறுச்சு?" என்று தக்கனியில், எங்கள் ஊர் உருதுவில், கேட்டார்.

பிறந்ததிலிருந்து பார்க்கும் சார்மினார் பொய்யா, கையில் இருக்கும் ரூபாய் பொய்யா? தெரியாது என்று சொல்லியிருக்கலாம். நான் சொன்னது: "முதல்ல டிசைன், அப்புறம்தான் கட்டடம். எங்க ஆபீஸ்லயும் அப்படித்தான்."

"ஹவ்", ஆமாம், என்றார் அவர், முகம் மாறாமல். "டிசைன் அப்ரூவ் ஆக இருநூத்தம்பது வருஷமா?"

அப்பா அட்டையைக் கவிழ்த்து வைத்தார்.

அந்த அம்மாதான் விளக்கினார். அது ஹிஜ்ரி, அதாவது இஸ்லாமிய ஆண்டு. நம் கணக்கில் 1924 அல்லது 25. பிரிட்டிஷ் இந்தியா முழுக்க ராஜாவின் தலை போட்ட ரூபாய் ஓடியபோது, ஹைதராபாத் தன் ரூபாயில் தன் சார்மினாரையும் தன் ஆண்டையும் அடித்துக்கொண்டிருந்தது. ஒரு சமஸ்தானத்தின் அந்த வீம்பைத்தான் நான் எக்செல்லில் தொலைத்திருந்தேன்.

அந்த முறை அப்பாவைச் சேர்க்கவில்லை. அடுத்த கண்காட்சிக்கு அவரே அட்டை எழுதினார், சேர்த்துக்கொண்டார்கள்.

போன மாதம் அல்வாலிலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். பையனின் அம்மா என் வயதைக் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா முந்திக்கொண்டார்.

"இருபத்தெட்டு. அவளைக் கேட்டா சார்மினாருக்கே மூத்தவள்னு சொல்லுவா."