சீட்டில் செத்த தேசப்பன்

மனிதர்களில் யந்திர விசுவாசி என்று ஓர் இனம் உண்டு. எதிரே நிற்கும் ஆளை இவர் நம்பமாட்டார். அந்த ஆளைப் பற்றி யந்திரம் அச்சடித்துத் தரும் சீட்டைத்தான் நம்புவார். பொன்னேரி ரயில் நிலையத்து எடை யந்திரம் துப்பும் அட்டையில் இருக்கும் ஜோசியத்தைக்கூடச் சட்டைப்பையில் பத்திரப்படுத்துவார். பழவேற்காட்டில் எறா, அதாவது இறால், வியாபாரம் செய்யும் அப்துல் ரவூப் இந்த இனத்தின் தலைவர்.

எண்பத்து நான்கில் பட்டணத்துப் பரிசோதனைக்கூடம் ஒன்றுக்குப் புதுக் கருவி வந்தது. ஒரு சொட்டு ரத்தத்தை ஊசிக்கண்ணைவிடச் சிறிய துளை வழியே உறிஞ்சி, அணுக்களை ஒவ்வொன்றாக எண்ணிச் சீட்டு நீட்டும். மனிதக் கையே படாது! ரவூப்புக்கு வேறென்ன வேண்டும்?

லைட்ஹவுஸ் குப்பத்துத் தேசப்பன் காய்ச்சலில் விழுந்து எழுந்திருந்தான். ரத்தம் சரியாக இருந்தால்தான் படகேறலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதுவோ எறா ஓடும் பருவம். படகில் இடம் போனால் பருவமே போச்சு. செவ்வாய்க்கிழமை கம்பவுண்டர் எடுத்த ரத்தக் குப்பியை ரவூப்பே கேட்டு வாங்கி, எறாவோடு எறாவாக ஐஸ் பெட்டியில் புதைத்து, வழியில் கெடாமலிருக்க ஐஸ்மேல் இரண்டு கை உப்பும் தூவி, லாரியில் அனுப்பிவைத்தார்.

சீட்டு வந்தது. சிவப்பணு ஏறக்குறைய பூஜ்யம்.

தேசப்பன் அப்போது படகை மணலில் தள்ளிக்கொண்டிருந்தான். ரவூப் சீட்டோடு ஓடிவந்தார்.

"தள்ளாதடா! இந்தக் கணக்குப்படி நீ செவ்வாக்கெழமையே மவுத்து."

"இன்னா பாய், நான்தான் பேசிக்கினு கீறனே?"

"நீ ஆயிரம் பேசுவே. மெஷினு பொய் பேசாது."

செத்தவனை ஏற்றிக்கொண்டு எவன் கடலுக்குப் போவான்? படகுக்காரர்கள் பயந்து, அவன் இடத்தில் கருப்பன் என்ற வேறொருவனை ஏற்றிக்கொண்டார்கள்.

தேசப்பனின் மனைவி மனோரமா மீன் விற்கிறவள். கூடையை இறக்கிவைத்துவிட்டு ரவூப்பிடமே கேட்டாள்: "உப்புப் போட்ட ஐஸுல கல்லா ஒறைஞ்ச எறா, கரைஞ்சா கூழாப் பூடுது. ரத்தம் மட்டும் முழுசா இருக்குமா பாய்?"

மறுநாள் தேசப்பன் பட்டணத்துக்கே போய்க் கையை நீட்டினான். புதுச் சீட்டில் சிவப்பணு நாற்பத்தெட்டு லட்சம், குறையே இல்லை.

ரவூப் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "பாத்தியா, மெஷினு உன்னப் பொழைக்க வெச்சிடுச்சு!"

"அப்ப படகுல என் எடத்தையும் வாங்கித் தரச் சொல்லு பாய்."

கருப்பன் அந்தப் பருவம் முழுக்க இறங்கவே இல்லை. பாவம், தேசப்பன் உயிரோடு கரையில் உட்கார்ந்திருந்தான்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். போன வாரம் உங்கள் மனைவி உடம்பு கொதிக்கிறது என்றபோது, நெற்றியைத் தொட்டுக்கூடப் பார்க்காமல், அவள் வாயிலிருந்து எடுத்த தெர்மாமீட்டரை உதறிவிட்டுப் பார்த்து, "ஒன்றுமில்லை, எழுந்து காப்பி போடு" என்றது யார்?