பிளாக்செயின் மேல் ஒட்டிய சிவப்பு அம்பு

ஆம்பூருக்கும் வாணியம்பாடிக்கும் நடுவே குறையில்லாமல் பிறந்த பொருள் ஒன்றுகூடக் கிடையாது என்பது ஸ்டிக்கர் அண்ணனின் முடிந்த முடிவு. மனிதர்களும் இதில் அடக்கம். கடவுள் செக்கிங் ஆள் போடாமலே சரக்கை வெளியே அனுப்பிவிட்டார், அதனால்தான் ஊரில் இத்தனை பேஜார் என்பார்.

இருபது வருஷம் ஒரு ஷூ கம்பெனியில் கடைசி செக்கிங் மேசையில் நின்றவர். தையல் விட்டிருந்தாலோ, தோலில் உண்ணி கடித்த தழும்பு தெரிந்தாலோ, அந்த இடத்தைக் காட்டி ஒரு சின்ன சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கரை ஒட்டுவது அவர் வேலை. முட்டி தேய்ந்து நிற்க முடியாமல் போனபோது, பக்கத்தில் இருந்த ஒரு இன்ஜினியரிங் கல்லூரியில் லேப் அசிஸ்டென்டாகச் சேர்ந்தார். கம்பெனியை விட்டாரே தவிர ஸ்டிக்கர் ரோலை விடவில்லை. கேன்டீன் வடையில் ஓட்டை ஒரு பக்கமாக இழுத்திருந்தால் அம்பு. ஆண்டு விழாவில் மைக் கரகரத்தால் அம்பு. ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளையின் ஷூவில் ஒட்டிவிட்டு, "ரிட்டர்ன் அனுப்பிடுங்க" என்று பெண் வீட்டாரிடம் சொன்னாராம். அவர்கள் மாப்பிள்ளையை ஒரு மாதிரி பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள் என்று கேள்வி.

நான் அப்போது ஒரு தொண்டு நிறுவனத்தில் இருந்தேன். வீட்டில் உட்கார்ந்து ஷூவின் மேல்பாகம் தைக்கும் பெண்களுக்காக நடப்பதாகச் சொல்லிக்கொள்ளும் நிறுவனம். கல்லூரிக்கு முதல்நாள் போனபோது, என் லேப்டாப்பில் கீபோர்டுக்குக் கீழே ஓர் அம்பை ஒட்டினார்.

"லேப்டாப்ல இன்னாண்ணே கோளாறு?"

"லேப்டாப் நல்லாத்தான் இருக்குது மேடம். அம்பு எந்தப் பக்கம் காட்டுதுன்னு பாருங்க."

என்னைக் காட்டியது. கோபம்தான் வந்தது. ஆனால் அந்த வருஷம் நாங்கள் செய்த வேலையை நினைத்தால் ஓர் அம்பு கம்மி.

விஷயம் இதுதான். உலகத்தின் பல மூலைகளில் இருக்கும் தன்னார்வலர்கள் சேர்ந்து ஒரு பிளாக்செயின் மென்பொருள் எழுதிக்கொண்டிருந்தார்கள். ஒரு ஷூ எந்தத் தோலில் தொடங்கி யார் யார் கைமாறி வந்தது என்று படிப்படியாகப் பதியும் பொதுப் பதிவேடு அது. ஒரு தடவை ஏறியதை யாரும் திருட்டுத்தனமாக அழிக்க முடியாது. ஓப்பன் சோர்ஸ் என்பதால் எவரும் திறந்து பார்க்கலாம், திருத்தம் அனுப்பலாம். கல்லூரிகளும் தொண்டு நிறுவனங்களும் கைகொடுங்கள் என்று அழைத்தார்கள். பாவம், யாரை அழைக்கிறோம் என்று தெரியாமல் அழைத்துவிட்டார்கள்.

கல்லூரி நினைத்தால் எவ்வளவோ செய்திருக்கலாம். மென்பொருளை ஓட்டிப் பார்த்துக் குறை சொல்லலாம், தமிழில் விளக்கம் எழுதலாம். செய்தது என்ன? ஃபிளெக்ஸ் வைத்தார்கள், குத்துவிளக்கு ஏற்றினார்கள், ஒருவருக்கொருவர் சால்வை போர்த்திக்கொண்டார்கள். துறைத் தலைவர் ஒரு மணி நேரம் பேசினார். பிளாக்செயின் என்ற சொல் வந்த இடத்திலெல்லாம் தண்ணீர் குடித்தார். என் நிறுவனம் மட்டும் சளைத்ததா? பெண்களைக் கூட்டிப் பயிலரங்கம் நடத்தி, பிரியாணி போட்டு, அவர்கள் பிரியாணி சாப்பிடும் படங்களை நாற்பது பக்க அறிக்கையாக அனுப்பி வைத்தோம். மென்பொருள் எழுதுகிறவனுக்கு பிரியாணிப் படம் எதற்கு என்று நான்கூடக் கேட்கவில்லை.

அந்த மென்பொருளை உண்மையாகவே திறந்து பார்த்த ஒரே ஆள் ஸ்டிக்கர் அண்ணன். ஒரு ஷூவைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு கட்டமாகப் பதிந்து பார்த்தார். தையல் என்ற கட்டம் வந்ததும் நின்றுவிட்டார். அந்தப் பெட்டியில் கம்பெனியின் பெயர் மட்டும்தான் ஏறியது.

"கம்பெனி தைச்சுதாம். கம்பெனிக்கு ஏது மேடம் கை?" என்றார்.

அவர் மனைவி செல்வி, மாதனூர் பக்கத்துக் கிராமத்தில் பதினைந்து வருஷமாக வீட்டிலேயே தைக்கிறவர். அந்த அம்மாள் தைத்தார் என்பதற்கு உலகத்தில் ஒரு துண்டுக் காகிதம் கிடையாது. கட்டங்களின் பட்டியல் அந்த மாதக் கடைசியில் உறுதியாகிவிடும் என்று தன்னார்வலர்கள் அறிவித்திருந்தார்கள். அதற்குள் சேர்க்காவிட்டால், அழிக்கவே முடியாத பதிவேட்டில் செல்வியும் அவரைப் போன்றவர்களும் நிரந்தரமாக விடுபட்டுப் போவார்கள். தைத்த ஆளின் பெயருக்கு ஒரு பெட்டி வேண்டும் என்று அண்ணன் கல்லூரிக் கணக்கிலிருந்து ஒரு திருத்தம் அனுப்பினார்.

அதே வாரத்தில்தான் துறைத் தலைவருக்கு ஞானம் பிறந்தது. பங்களிப்பு செய்கிற மாணவருக்கு இன்டர்னல் மார்க் என்று அறிவித்துவிட்டார். மார்க் என்றதும் மொத்த வகுப்பும் மென்பொருளுக்குள் புகுந்து, பங்களித்தோர் பட்டியலில் தங்கள் பெயரையும் ரெஜிஸ்டர் நம்பரையும் எழுதிவிட்டு வந்தது. மாணவர் பெயர் இருக்கும் இடத்தில் தன் பெயர் இல்லாவிட்டால் மரியாதையா? துறைத் தலைவர் அவர்களுக்கு மேலே ஏறினார். அவருக்கு மேலே முதல்வர். உச்சியில், தலைமைப் புரவலர் என்று கல்லூரித் தாளாளர். மென்பொருளை எழுதியவர்கள் எல்லாருக்கும் கீழே கிடந்தார்கள்.

அவர்கள் அழித்தார்கள். மறுநாள் காலை பெயர்கள் திரும்ப ஏறின. கூடவே லெட்டர்ஹெட்டில் ஒரு கடிதம்: தங்கள் பட்டியலில் எங்கள் தாளாளர் பெயர் தவறுதலாக விடுபட்டுள்ளது, ஆவன செய்யவும். மூன்றாம் முறை அவர்கள் மொத்தக் கல்லூரியையும் தடை செய்துவிட்டார்கள். குப்பையோடு அண்ணனின் திருத்தமும் போய்விட்டது.

"ப்ராப்பர் சேனல்லதானே போனோம், ஏன் இப்படிப் பண்ணிட்டாங்க?" என்று துறைத் தலைவர் புலம்பினார். அண்ணன் அவர் அறைக் கதவின் பெயர்ப் பலகையில் ஓர் அம்பை ஒட்டினார். மெமோ வந்தது. மெமோவில் தேதி போட மறந்திருந்தார்கள். அதற்கும் ஓர் அம்பை ஒட்டித் திருப்பிக் கொடுத்தார்.

மாதம் முடிய நான்கு நாள் இருக்கும்போது என் ஆபீசுக்கு வந்தார்.

"உங்க அக்கவுன்ட்ட தடை பண்ணலையே?"

"இல்லண்ணே, நாங்க பிரியாணிப் படம் மட்டும்தான் அனுப்பினோம்."

"அதுக்கே பண்ணியிருக்கணும். நல்ல மனுசங்க, உட்டுட்டாங்க. தெறங்க."

எங்கள் கணக்கிலிருந்து திருத்தம் போனது. பதிலும் வந்தது. யார் தைத்தால் என்ன, கம்பெனி பெயரில் பதிந்தால் போதாதா, கைக்குக் கை வித்தியாசம் உண்டு என்று எப்படிக் காட்டுவீர்கள் என்று கேட்டிருந்தார்கள். மறுநாள் காலை அண்ணன் தன் பழைய கம்பெனி பஸ் டிரைவரிடம் சொல்லி என்னையும் ஏற்றிக்கொண்டு தன் கிராமத்துக்குப் போனார். வீட்டில் செல்வி அக்காவும் இன்னும் இரண்டு பெண்களும் பாய் விரித்துத் தைத்துக்கொண்டிருந்தார்கள். தைத்து முடித்த மேல்பாகங்களை எல்லாம் ஒன்றாகக் கலக்கச் சொல்லிவிட்டு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். பிறகு திரும்பி, நான் வீடியோ எடுக்க எடுக்க, ஒவ்வொன்றாகத் தையலைத் தடவினார்.

"இது செல்வி. நூலை இறுக்கி இழுப்பா. இது மேரி, அவசரமே கெடையாது, அளந்து போவா. இது அஞ்சலை. தைக்கும்போது செம கோவத்துல இருந்திருக்கா."

"ஐயோ அண்ணா! அன்னிக்கு மாமியாரோட சண்டை!" என்று அஞ்சலை தலையில் கை வைத்துக்கொண்டாள். ஒன்றுகூடத் தப்பவில்லை. இருபது வருஷம் அந்த மேசையில் நின்று, பெயர் தெரியாத கைகளை எல்லாம் அவர் படித்து வைத்திருந்தார்.

வீடியோவோடு அனுப்ப ஆங்கிலத்தில் அவரே எழுதினார்: "கம்பெனி நோ ஹேண்ட். திஸ் ஹேண்ட் செல்வி. திஸ் ஹேண்ட் மேரி. திஸ் ஹேண்ட் அஞ்சலை. பாக்ஸ் மிஸ்ஸிங். ரீவொர்க்." நான் கொஞ்சம் திருத்தட்டுமா என்றேன். ஸ்டிக்கர் ரோலை எடுத்தார். நான் அப்படியே அனுப்பிவிட்டேன்.

கடைசி நாள், 'வீட்டில் தைத்தவர்' என்று ஒரு புதிய பெட்டி வந்தது. ஆள் பெயர் ஏறும் பெட்டி. சோதனைக்காக முதல் பெயரை நீங்களே பதியுங்கள் என்று கேட்டிருந்தார்கள். அண்ணன் வீட்டில், செல்வி அக்காவின் பக்கத்தில் என் லேப்டாப்பைத் திறந்து வைத்தோம். அண்ணன் ஒற்றை விரலால் செல்வி என்று தட்டினார். எழுத்தெழுத்தாகச் சரிபார்த்தார். கை சட்டைப் பைக்குப் போனது, ரோல் வெளியே வந்தது.

"இன்னாங்க, என் பேர்லயும் ஸ்டிக்கரா?" என்றார் செல்வி அக்கா.

ரோல் பைக்குள் திரும்பிப் போனது. "பாஸ்" என்றார். அவர் வாயிலிருந்து அந்தச் சொல் வந்து அந்த அம்மாளே அதற்கு முன் கேட்டதில்லையாம். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு டீ போட எழுந்து போனார்.

அடுத்த வாரம் கல்லூரி வாசலில் புது ஃபிளெக்ஸ். 'உலக பிளாக்செயினுக்கு எங்கள் பங்களிப்பு' என்று தாளாளர், முதல்வர், துறைத் தலைவர் மூவரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஓரத்தில், பிரியாணி புகழ் என் நிறுவனத்தின் சின்னம். அண்ணன் பெயர் எங்கும் இல்லை. மூன்று முகத்திலும் அம்பு இருந்தது. சின்னத்தின் மேல் இரண்டு.

என் லேப்டாப்பில் அந்தப் பழைய அம்பு இன்னும் என்னைக் காட்டிக்கொண்டுதான் இருக்கிறது. போன மாதம் பார்த்தபோது, "இதை எப்பண்ணே எடுப்பீங்க?" என்று கேட்டேன்.

"ஒழுங்கா வேலை செஞ்சா தன்னால உதிரும் மேடம்."

இப்போதெல்லாம் அதன் ஓரம் லேசாகக் கிளம்புகிறது. கிளம்பும்போதெல்லாம் நான்தான் விரலால் அழுத்தி ஒட்டி வைக்கிறேன்.