சாக மறுத்த மீன்

அந்தத் தெருவில் மீன் செத்த வீட்டுக்குத்தான் மரியாதை.

"உங்க மீன் போயிடுச்சாமே. ரொம்ப சந்தோஷங்க."

"ஆமாங்க. காலையில பார்த்தா மிதந்துட்டு இருந்துச்சு. எங்க வீட்டுக்காரருக்கு ஏதோ பெருசா வர இருந்திருக்கு. அதை இது வாங்கிக்கிட்டுப் போயிடுச்சு."

வீட்டுக்காரர் பக்கத்தில் நின்று, பிழைத்துக்கொண்ட பெருமையோடு தலையாட்டுவார்.

எல்லாம் செதிலாரின் திருவிளையாடல். மீனின் செதிலைப் பார்த்தே மனிதரின் விதியைச் சொல்கிற மகான் என்பதால் அந்தப் பெயர். சலவைக் கடைக்கும் ஜெராக்ஸ் கடைக்கும் நடுவில் அவர் கடை. திறக்கும் முன்பே வரிசை வளைந்துபோய்ச் சலவைக் கடை வாசலை அடைத்துவிடும். சலவைக்காரர் முதலில் சண்டைக்குப் போனார். பிறகு எதற்கு வம்பு என்று அவரும் வரிசையில் நின்றுவிட்டார்.

உள்ளே அலமாரி முழுக்க, இடையிடையே அட்டை செருகிய கண்ணாடித் தம்ளர்கள். தம்ளருக்கு ஒரு ஃபைட்டர் மீன். நீங்கள் போய் நின்றால், செதிலார் கண்ணை மூடிக்கொண்டு மோதிரக் கையைத் தம்ளர் அருகே நீட்டுவார். அவ்வளவுதான், சும்மா கிடந்த மீன் செவுளை விரித்து, துடுப்பை விறைத்துக்கொண்டு பாயும்.

"பார்த்தீங்களா, உங்க மேல கண்ணு விழுந்திருக்கு. ரொம்பத் தூரத்துல இல்லை, பக்கத்துலதான்."

பக்கத்து வீடு இல்லாத மனிதர் உண்டா? எல்லாருக்கும் ஒரு முகம் ஞாபகம் வந்துவிடும். மீனை வாங்கிக்கொண்டு, பக்கத்து வீட்டை முறைத்தபடி வீட்டுக்குள் போவார்கள். அந்தப் பக்கத்து வீட்டுக்காரர் மறுநாள் வரிசையில் நிற்பார்.

செதிலாரின் கட்டளைப்படி மீனைத் தம்ளரை விட்டு மாற்றக் கூடாது. குழாய்த் தண்ணீரைத் தினமும் முழுசாக மாற்றி ஊற்ற வேண்டும். ரொட்டித் துணுக்கு தவிர வேறு தீனி ஆகாது. மீன் செத்தால், உங்கள் கெடுதலைத் தலையில் வாங்கிக்கொண்டது என்று பொருள். உடனே அடுத்த மீன். சரக்கு கெட்டுப்போனால் வாடிக்கையாளர் சண்டைக்கு வருவார் என்றுதான் உலகத்து வியாபாரிகள் பயப்படுகிறார்கள். செதிலாரிடமோ நன்றி சொல்ல வந்தார்கள்.

ஒரு பல் டாக்டரின் மாமியாரும் அப்படி ஒரு குட்டி மீனை வாங்கி வந்தார். சில நாளில் மருமகளான டாக்டரின் கண்ணில் வேறொன்று பட்டது.

"அத்தை, பிரஷர் மாத்திரை அப்படியே இருக்கே."

"இனிமே எதுக்கும்மா? எல்லாத்தையும் மீன் பார்த்துக்கும். நான் மாத்திரை போட்டா அதுக்கு வேலையில்லாம கோபம் வந்துடுமாம்."

மருமகள் சொல்லிப் பார்த்தாள், கெஞ்சிப் பார்த்தாள், கணவனை விட்டும் சொல்லிப் பார்த்தாள். மாமியார் அசையவில்லை. மருமகள் தம்ளரைப் பார்த்தாள். பிரஷரைப் பார்த்துக்கொள்ள வேண்டியவர் துடுப்பு ஒட்டிப்போய், ஊறிய காகிதத்தின் நிறத்தில் அடியில் சாய்ந்து கிடந்தார்.

"இதை நான் வளர்க்கட்டுமா அத்தை?"

"வளர்த்துக்கோ. ஆனா ரொம்ப நல்லா வளர்த்துடாதே."

மருமகள் அதுவரை மீன் வளர்த்ததில்லை. வண்ண மீன் கடைக்காரியிடம் போய்க் கேட்டாள்.

"தம்ளர்ல எப்படிங்க வாழும்? ஒரு பெரிய வாளித் தண்ணியாவது பிடிக்கிற தொட்டி வேணும். தண்ணி எப்பவும் வெதுவெதுப்பா இருக்கணும், அதுக்கு ஹீட்டர் போடுங்க. குழாய்த் தண்ணியில குளோரின் இருக்கும், இந்தச் சொட்டு மருந்து அதை முறிச்சுடும். முழுசா மாத்தாதீங்க, கொஞ்சம் எடுத்துட்டுக் கொஞ்சம் ஊத்துங்க. மூடி போடுங்க, துள்ளிடும். கண்ணாடி எதையும் பக்கத்துல காட்டாதீங்க, தன்னையே பார்த்துட்டு எவனோ வந்துட்டான்னு சண்டைக்குப் போகும்."

முதல் நாளே மருமகள் பாசத்தில் தீனியை அள்ளிப் போட்டாள். மீனின் வயிறு பட்டாணிபோல் உப்பிவிட்டது. பதறிப்போய்ப் போன் செய்தாள்.

"அதோட வயிறே அதோட கண்ணளவுதாங்க," என்றாள் கடைக்காரி. "இன்னைக்குப் பட்டினி போடுங்க. குட்டி மீனு, நாளையிலேர்ந்து துளித் துளியா பல வேளை கொடுங்க."

மீன் தேறியது. காகித நிறம் போய் மயில்கழுத்து நீலம் ஏறியது. மாமியார் அந்தப் பக்கம் வந்தால் கண்ணாடியோரம் ஓடிவந்து வாலை ஆட்டியது. மாமியாரும் யாரும் பார்க்காத நேரத்தில், "என்ன ராசா, பசிக்குதா?" என்று கேட்கத் தொடங்கினார்.

ஒரு நாள் குளியலறை வாசலில் அவருக்குத் தலை சுற்றியது. நிலையைப் பிடித்துக்கொண்டு சரிந்தார். மாத்திரை போடாத தலை சுற்றத்தானே செய்யும்? ஆனால் பக்கத்து வீட்டம்மா வேறு காரணம் சொன்னார்.

"மீனு கொழுகொழுன்னு இருக்கு. கெடுதல் எங்க போகும்? உங்க மேலதான் இறங்குது."

மாமியார் செதிலாரிடம் ஓடினார். அவர் நெற்றியைச் சுருக்கினார். "அது கடமையை மறந்த மீனு. கழிவறையில கொட்டிட்டு வேற வாங்கிட்டுப் போங்க."

மாமியார் வீட்டுக்கு வந்து தொட்டி முன்னால் உட்கார்ந்துவிட்டார். மீன் வழக்கம்போல் ஓடிவந்தது.

"எனக்கு மனசு வரலைம்மா," என்றார். கண் கலங்கியிருந்தது.

"அப்ப ராசாவையும் கூட்டிக்கிட்டே போய்க் கேட்டுட்டு வந்துடலாம் அத்தை."

மூடி போட்ட கண்ணாடி ஜாடியில் மீனோடு இருவரும் போய் நின்றார்கள். வரிசை வழி விட்டது. செதிலார் மோதிரக் கையை நீட்டினார். ராசா செவுளை விரித்தது.

"பார்த்தீங்களா, எவ்வளவு பெரிய கண்ணு."

மருமகள் பார்த்தது வேறு. மோதிரத்தின் முகப்பு அகலமாக, வழவழவென்று மின்னியது. பையிலிருந்து ஒரு துண்டு பிளாஸ்டரை எடுத்தாள்.

"ஐயா, முகப்பு மேல இதை ஒட்டிக்கிட்டு ஒரு தடவை காட்டுங்களேன்."

"அது மந்திரிச்ச மோதிரம். மூடக் கூடாது."

"கண்ணு உண்மையா இருந்தா பிளாஸ்டர் என்னங்க பண்ணும்?" என்றார் வரிசையில் நின்ற சலவைக்காரர். நாலு பேர் ஆமாம் போட்டார்கள். செதிலாருக்கு வேறு வழியில்லை. ஒட்டிக்கொண்டு நீட்டினார், ஆட்டினார், முணுமுணுத்தார். ராசா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மருமகள் பையிலிருந்து, வாய்க்குள் விட்டுப் பல்லைப் பார்க்கும் குட்டிக் கண்ணாடியை எடுத்து ஜாடியருகே வைத்தாள். ராசா பாய்ந்தது.

"இது தினமும் நான் சொத்தைப் பல் பார்க்கிற கண்ணாடிங்க. மந்திரிக்கலை, சோப்புப் போட்டுக் கழுவி, ஆவியில வச்சு எடுத்ததுதான்."

கண்ணாடி கைமாறியது. அலமாரி மீன்கள் வரிசையாகச் செவுள் விரித்தன. செதிலார் தனக்கென்று மேஜைமேல் வைத்திருந்த மீன் தம்ளர் அருகே சலவைக்காரர் அதைக் கொண்டுபோனார். அதுவும் பாய்ந்தது.

"ஐயா, உங்க மேலயும் கண்ணு விழுந்திருக்கு," என்றார்.

கடை குலுங்கச் சிரித்தது. சிரிப்பு அடங்கியபோது ஒரு பெண் மெல்லக் கேட்டாள்: "அப்ப எங்க மீனு ஏன் செத்துச்சு?"

"எதுல வச்சிருந்தீங்க?" என்று கேட்டாள் மருமகள்.

"இவர் கொடுத்த தம்ளர்லதான்."

 மீன் செத்ததற்குச் சந்தோஷம் விசாரித்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் நின்றார்கள். பிறகு எல்லாரும் சேர்ந்து செதிலாரைப் பார்த்தார்கள். பெரிய கெடுதல் ஒன்று நெருங்குவதை மகான் அன்றுதான் சரியாகக் கணித்தார். பின்கதவு வழியாகப் போனவர் திரும்பவில்லை. அலமாரி மீன்களை வண்ண மீன் கடைக்காரி வந்து எடுத்துப்போனாள்.

மாமியார் மறுநாளே மாத்திரையைத் தொடங்கினார். "நீ சாப்பிடு, நானும் போட்டுக்கறேன்," என்று காலையில் ராசாவோடு ஒப்பந்தம். தலைசுற்றல் நின்றது. பக்கத்து வீட்டம்மா வந்து தொட்டிக்கு எவ்வளவு தண்ணீர் வேண்டும் என்று விசாரித்துப்போனார்.

மோதிரத்தில் தெரிந்த தன் முகத்தையே எதிரி என்று நம்பி மீன் சண்டைக்குப் போனது. பாவம், அதற்குக் கடுகளவு மூளை. அதே மோதிரத்தை நம்பிப் பக்கத்து வீட்டோடு சண்டைக்குப் போனவர்களுக்கு இவ்வளவு பெரிய தலை எதற்காம், தலையணைக்கு அழகாக இருக்கட்டும் என்றா?